நண்பனுக்கு என்ன முறை?

போன இதழில் திருவொற்றியூர் வாசகர் ஒருவர், எந்தெந்த நாட்டில் பையன்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். தென்கொரியா, சிங்கப்பூர், இஸ்ரேல், கறுப்புச் சீட்டா சிவப்புச் சீட்டா என்று கையை விட்டு எடுக்கவைக்கும் தாய்லாந்து என நாலு வரியில் பதில் எழுதிவிட்டு, அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பிறந்தநாளைக் குலுக்கிப்போட்டு ஆளெடுத்து வியட்நாம் போருக்கு அனுப்பினார்கள் என்று போகிறபோக்கில் சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை கடிதங்கள். பட்டாளத்தில் உண்டாகும் நட்பு, அந்த நண்பன் செத்துப்போனால் மிஞ்சியவன் என்ன ஆகிறான், பாதிக்கு மேல் இதைச் சுற்றியே. அதனால் சினிமா, கிரிக்கெட், மழைநீர் வடிகால் கேள்விகளுக்கெல்லாம் இந்த முறை லீவு.

தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பிறந்தநாளைக் குலுக்கிப்போட்டார்களா? எப்படி? நம் நாட்டில் அந்த மாதிரி நடந்திருக்கிறதா?

நடந்ததில்லை தம்பி. சுதந்திர இந்தியாவில் பட்டாளத்துக்குக் கட்டாய ஆளெடுப்பு வந்ததே கிடையாது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர் திரட்டிய 25 லட்சம் இந்தியர்கள்கூடக் காகிதத்தில் தாமாக முன்வந்தவர்கள்தான். வயிறும் கடனும் அவர்களில் எத்தனை பேரைப் பிடித்துத் தள்ளியது என்பது வேறு கதை. 2022-ல் வந்த அக்னிவீர் நாலு வருஷத் திட்டம், ஆனால் அதற்கும் விண்ணப்பம் போட்டு, ஓடி, தேறித்தான் உள்ளே போகவேண்டும்.

குலுக்கல் கதை இது. 1969 டிசம்பர் 1 ராத்திரி, வாஷிங்டனில், வருஷத்தின் 366 தேதிகளையும் பிப்ரவரி 29 உட்படத் தனித்தனிச் சீட்டாக எழுதி, நீல பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டி, டிவி கேமரா முன்னால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. 1944-லிருந்து 1950 வரை எந்த வருஷமானாலும் சரி, அந்தத் தேதியில் பிறந்த பையன் வரிசையில் முதல் ஆள். இதில் ஒரு கூத்து என்னவென்றால் ஜாடியை ஒழுங்காகக் கலக்கவே இல்லை. குப்பிகளை மாத வரிசையில் போட்டதால் வருஷக் கடைசித் தேதிகள் சீக்கிரம் சீக்கிரமாகக் கைக்கு வந்துவிட்டன என்று புள்ளியியல்காரர்கள் அப்புறம் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். டிசம்பரில் பிறந்தவன் என்ன பாவம் செய்தான்? காலேஜில் படித்துக்கொண்டிருந்தால் தள்ளிவைப்பு கிடைக்கும் என்பதால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிப்பைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். மாட்டியவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது காலாட்படையில், அதாவது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலையில்.

அண்ணா நகரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: பிளட்டூன் என்றால் எத்தனை பேர்? முன்பின் தெரியாதவர்கள் சில மாதத்தில் உயிருக்கு உயிராகிவிடுவதாகச் சொல்வது எனக்கு சினிமாத்தனமாகப் படுகிறது. நாற்பது வருஷம் ஒரே கிளையில் வேலை பார்த்தும் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை!

கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன் சார், மன்னிக்கவும். பத்துப் பேர் கொண்ட சின்னக் குழுக்கள் மூன்று நாலு சேர்ந்தால் ஒரு பிளட்டூன், மொத்தம் முப்பது நாற்பது பேர். நம் ராணுவத்தில் பெரும்பாலும் ஒரு சுபேதாரோ நாயப் சுபேதாரோ நடத்துவார், தலைநரைத்த அனுபவஸ்தர். வியட்நாமில் அமெரிக்கர்களுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசு லெப்டினன்ட், அவனுக்குக் கீழே பத்தொன்பது வயசுப் பையன்கள்.

உங்கள் வங்கியில் இல்லாத ஒன்று அங்கே உண்டு, அது ராத்திரி. சாயங்காலம் குழி வெட்டுவார்கள், ஒரு குழிக்கு இரண்டு மூன்று பேர். ஒருவன் விழித்திருக்க மற்றவன் தூங்குவான், கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக்கொள்வார்கள். தூங்குகிறவனின் உயிர் முழுக்க விழித்திருப்பவன் கையில், தினமும். நமக்கெல்லாம் வாழ்க்கையில் ஆஸ்பத்திரி மயக்க ஊசிக்கு மட்டும்தான் அந்த மாதிரி நம்பிக்கை தேவைப்படுகிறது. இதற்கு மேல் மழை, ஊறிப்போய்த் தோல் உரியும் கால், சட்டைக்குள் அட்டை. எந்திரத் துப்பாக்கி ஒருவனுடையது, அதற்கான தோட்டா மாலைகளை மற்றவர்களும் கழுத்தில் போட்டுக்கொண்டு சுமப்பார்கள். சாப்பாடு தகர டப்பாவில் வரும். பீச் பழ டப்பா கிடைத்தவன் ராஜா. ஹாமும் லிமா பீன்ஸும் கலந்த டப்பாவை எவனும் தொடமாட்டான், அதை இன்னொருவன் தலையில் கட்டுவதற்கே ஒரு பேரம் நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் கேட்காமலே தன் பீச் டப்பாவை உங்களிடம் நீட்டினால், அது சினிமாத்தனம் இல்லை சார்.

இதை ஆராய்ச்சியாகவும் செய்திருக்கிறார்கள். 1948-ல் ஷில்ஸ், ஜானோவிட்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள், தோற்பது உறுதியான பிறகும் ஜெர்மன் சிப்பாய்கள் ஏன் சண்டையை விடவில்லை என்று பார்த்தார்கள். ஹிட்லர்மேல் பக்தியைவிடக் கூட இருந்த ஏழெட்டுப் பேர் மேல் இருந்த ஒட்டுதல்தான் பெரிய காரணம் என்று முடிவு வந்தது. அடுத்த வருஷம் அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றி ஸ்டௌஃபர் குழு வெளியிட்ட பெரிய ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது. எனக்கு இதில் ஒரு கசப்பும் உண்டு. இந்த ஒட்டுதல் ராணுவங்களுக்கு நன்றாகவே தெரியும். எந்த லட்சியத்துக்காகவும் சாகத் தயாரில்லாத பையன்கூட, பக்கத்துக் குழியில் இருப்பவன் முன்னால் கோழையாகத் தெரியக் கூசி எழுந்து ஓடுவான். அந்தக் கூச்சத்தை எரித்துத்தான் வண்டி ஓடுகிறது.

வில்லிவாக்கம் வாசகர்: புதிதாக வருகிறவனோடு பழைய சிப்பாய்கள் பேசவே மாட்டார்களாமே? நட்பு நட்பு என்கிறீர்கள், இது என்ன நியாயம்?

நியாயம் இல்லைதான், ஆனால் காரணம் இருக்கிறது. வியட்நாமுக்கு அமெரிக்கா ஆளை மாற்றிய முறை அப்படி. ஒரு சிப்பாய்க்கு அங்கே 12 மாதம், மரீன் படை என்றால் 13. பிளட்டூன் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பாது. ஒருவன் முடித்துவிட்டுத் தனியாகக் கிளம்புவான், ஒருவன் செத்துப்போவான், ஒருவன் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போவான், அந்தந்த இடத்துக்குப் புதியவன் தனியாக வந்து இறங்குவான். எல்லாருக்கும் வேறு வேறு கெடு. ஹெல்மெட் துணியில் மாதங்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவார்கள். புதியவனுக்கு நடக்கத் தெரியாது, எங்கே சத்தம் போடக்கூடாது என்று தெரியாது, அவன் தப்புச் செய்தால் இவனும் சாவான். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஏற்கெனவே ஒருவனைப் பறிகொடுத்தவன் இன்னொரு பெயரைக் கற்றுக்கொள்ளத் தயாராக இல்லை.

பெயர் என்றதும்தான் சொல்லத் தோன்றுகிறது. அங்கே பலருக்குப் பட்டப்பெயர் மட்டும்தான் தெரியும். ஊர்ப்பெயரை வைத்து, உயரத்தை வைத்து, பேச்சை வைத்து ஒரு பெயர். நம் ஊரிலும் அதே கதைதானே. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அசல் பெயருக்குப் பக்கத்தில் (எ) போட்டுப் பட்டப்பெயரை அச்சடிக்காவிட்டால் செத்தது யார் என்று பாதித் தெருவுக்குத் தெரியாது. தெருவில் இருக்கிறவரை பரவாயில்லை, வீடு தெரியும். அமெரிக்கச் சிப்பாயின் சிக்கல் ஊர் திரும்பிய பிறகு ஆரம்பிக்கும். 1982-ல் வாஷிங்டனில் கறுப்புக் கிரானைட் சுவர் ஒன்று எழுப்பி, 58,000-க்கும் மேற்பட்ட பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வடிவமைத்த மாயா லின் அப்போது 21 வயசுக் கல்லூரி மாணவி. பெயர்களை அகரவரிசையில் போடாமல் அடிபட்ட தேதி வரிசையில் போடச் சொன்னது அவர். அகரவரிசைப் பட்டியல் தனிப் புத்தகமாகப் பக்கத்தில் இருக்கும், அதில் தேட முழுப்பெயர் வேண்டும். பட்டப்பெயர் மட்டும் தெரிந்தவன் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ஆனால் தேதி மறக்காது. அந்தத் தேதி இருக்கிற பலகைக்கு முன்னால் போய் நின்றால், அன்றைக்கு அடிபட்டுச் செத்த தன் பிளட்டூன்காரர்கள் எல்லாரும் அந்தச் சில வரிகளுக்குள்ளேயே இருப்பார்கள், அதில் ஒருவன் இவன் ஆள். சுவர் திறப்பதற்கு முன்னால் இந்தத் தேதி வரிசையை எதிர்த்தவர்கள் இருந்தார்கள், அகரவரிசையில் சுலபமாகத் தேடும்படி வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் பிடிவாதமாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி (கடிதம் நீளம், சுருக்கியிருக்கிறேன்): என் அக்கா குடும்பம் சிங்கப்பூரில். அக்கா மகன் என்.எஸ். (அந்த ஊர்க் கட்டாயப் பட்டாளச் சேவை) முடித்தவன். அவனோடு முகாமில் ஒரே பங்க்கில் (படுக்கை அறையில்) இருந்த சீனப் பையன் லீவு நாளில் பைக் விபத்தில் போய்விட்டான். இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறான். சரியாகத் தூங்குவதில்லை, விடியற்காலையிலேயே எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறான். அந்தப் பையனின் பவர் பேங்க் ஒன்று இவனிடம் இருக்கிறது. சார்ஜ் தீராமல் போட்டு வைக்கிறான், யாருக்கும் தருவதில்லை. என் பெண் தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று ஒருநாள் சத்தம் போட்டுவிட்டான், பிறகு அவளிடம் மன்னிப்பும் கேட்டான். அக்காவிடம் சொன்னால், “கூடப் பிறந்தவனா என்ன, நாளானால் சரியாகிவிடும்” என்கிறாள். சித்தி என்கிற முறையில் நான் என்ன செய்ய?

அம்மா, உங்கள் அக்கா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, “கூடப் பிறந்தவனா என்ன” என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

நம் ஊர்ச் சாவு வீட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விஷயம் தெரிந்ததும் முதலில் ஓடி வருகிறவன் நண்பன். ஃப்ரீசர் பாக்ஸுக்கு போன் போடுவது, சாமியானாவும் பிளாஸ்டிக் சேரும் இறக்குவது, டாக்டர் சர்டிபிகேட் வாங்குவது, சுடுகாட்டில் போய் நேரம் கேட்டு வருவது, ஃபிளெக்ஸுக்கு நல்ல போட்டோ தேடுவது எல்லாம் அவன்தான். எடுக்கிற நேரத்தில் பங்காளி எங்கே, மாமன் எங்கே, கோடி போடுகிறவர் எங்கே என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். நண்பனை யாரும் கூப்பிடமாட்டார்கள், அவன் கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்பான். தீட்டு இல்லை, மொட்டை இல்லை, ஆபீசில் துக்க லீவு கேட்டால் “என்ன உறவு?” என்பார்கள். காரியத்தன்று கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவான். உறவுமுறைக்கெல்லாம் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சடங்கு வைத்த நாம் நண்பனுக்கு ஒன்றுமே வைக்கவில்லை. அழுவதற்கு அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த ஃபிளெக்ஸின் கீழே “இவண், நண்பர்கள்” என்ற வரிதான்.

பட்டாளத்திலும் அப்படியேதான். வியட்நாமில் ஒருவன் செத்தால் தகவல் போவது பெற்றோருக்கோ மனைவிக்கோ. பிளட்டூனில் மிஞ்சியவனுக்கு என்ன கிடைக்கும்? நேரம் இருந்தால், செத்தவனின் துப்பாக்கியைத் தலைகீழாகத் தரையில் குத்தி, அதன்மேல் ஹெல்மெட்டை வைத்து, கீழே அவன் பூட்ஸை வைத்துச் சில நிமிஷம் நிற்பார்கள். அப்புறம் மறுபடியும் நடை. செத்தவன் சாமான்களைப் பிரித்து, அவன் அம்மா பார்க்கக்கூடாதவற்றை எடுத்துவிட்டு மீதியை வீட்டுக்கு அனுப்புகிற வேலையும் உண்டு. அதையும் கூட இருந்தவர்கள் செய்ததுண்டு. 1945-ல் யுத்தம் முடிந்து திரும்பியவர்கள் கப்பலில் நாள்கணக்காகக் கூட்டத்தோடு வந்தார்கள், பேச ஆள் இருந்தது. வியட்நாமிலிருந்து வந்தவன் விமானம் ஏறி ஓரிரு நாளில் அம்மா சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அந்த வேதனைக்கு மருத்துவம் ஒரு முறையான பெயர் கொடுத்ததே 1980-ல்தான். அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அப்போதுதான் ஏறியது, அதற்காகப் போராடியவர்களில் திரும்பி வந்த சிப்பாய்களும் உண்டு.

உங்கள் பையன் யுத்தத்துக்குப் போகவில்லை, சரி. ஆனால் சிங்கப்பூரில் 1967-ல் தொடங்கிய இந்தச் சேவைக்கு இப்போது பதினெட்டு வயசில் கூப்பிட்டு, இன, மத வித்தியாசம் பார்க்காமல் ஒரே அறையில் படுக்கவைத்து, ஒரே தட்டில் தின்னாத குறையாக இரண்டு வருஷம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பையனை இவன் தேர்ந்தெடுக்கவில்லை, பட்டியல் கொண்டுவந்து பக்கத்துக் கட்டிலில் போட்டது. அப்படி வந்து ஒட்டிக்கொண்ட ஒருவனை இழந்ததை இவன் வீட்டில் யாரிடம் சொல்வான்? அவன் மொழி வேறு, சாமி வேறு, நீங்கள் யாரும் அவனைப் பார்த்ததுகூட இல்லை.

இனி செய்யவேண்டியது. முதலில் “நாளானால் சரியாகிவிடும்” என்பதை நிறுத்துங்கள், உங்கள் அக்காவையும் நிறுத்தச் சொல்லுங்கள். மொட்டைமாடிக்குக் காபி எடுத்துக்கொண்டு போய், “அந்தப் பையன் எப்படி இருப்பான்?” என்று கேளுங்கள். சாவைப் பற்றிக் கேட்காதீர்கள், ஆளைப் பற்றிக் கேளுங்கள். எதற்குச் சிரிப்பான், சாப்பாட்டில் எதை ஒதுக்குவான், இவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவான். முதல்நாள் ஒன்றும் சொல்லமாட்டான். பரவாயில்லை, காபி குடித்துவிட்டு இறங்கி வாருங்கள், மறுநாளும் போங்கள்.

சாவுக்கு இவன் போனானா என்று நீங்கள் எழுதவில்லை. சீனர் வீட்டுச் சாவில் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை நாள் பெட்டியை வைத்திருப்பார்கள், அடுக்குமாடிக்குக் கீழே உள்ள திறந்தவெளியில் மேஜை போட்டு ராத்திரியெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், நண்பர்களும் உட்காரலாம். அங்கே இருந்திருந்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும். போகாமல் இருந்திருந்தால், பாரம் அதுவாகவே இருக்கலாம்.

பவர் பேங்க்கைப் பிடுங்காதீர்கள், ஒளிக்காதீர்கள், “இன்னுமா இதை வைத்திருக்கிறாய்” என்று கேட்காதீர்கள். என் ஊகம், வைத்துக்கொள்ளவும் தனக்கு உரிமை இல்லை, திருப்பிக் கொடுக்கவும் யாருமில்லை என்று பையன் தவிக்கிறான். சிங்கப்பூர் திரும்பியதும் அந்தப் பையனின் அம்மா அப்பாவைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், முன்கூட்டிச் செய்தி அனுப்பிவிட்டு. ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் கல்லறைக்கும் அஸ்தி மாடத்துக்கும் போகும் செங் மெங் வரும், அதை ஒட்டிப் போனால் பேச்சு தானாக வரும். பவர் பேங்க்கை நீட்டட்டும். அந்த அம்மா வாங்கிக்கொள்ளலாம், நீயே வைத்துக்கொள் என்றும் சொல்லலாம், இரண்டில் எது நடந்தாலும் அவனுக்கு ஒரு பதில் கிடைத்துவிடும். தங்கள் பிள்ளையின் கடைசி இரண்டு வருஷத்தைப் பற்றி அந்தப் பெற்றோருக்குத் தெரியாத நூறு விஷயம் இவனுக்குத் தெரியும், அதை இவன் யோசித்திருக்க மாட்டான்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று. இரண்டு வருஷம் ஆன பிறகும் சரியாகத் தூங்குவதில்லை, சின்ன விஷயத்துக்கு வெடிக்கிறான் என்கிறீர்கள். டாக்டரைப் பார்ப்பது நல்லது. கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே கேலி செய்கிற ஊர் இது, அந்தக் கேலிக்குப் பயந்து எத்தனை பேர் எத்தனை வருஷத்தை வீணாக்கியிருக்கிறார்கள் தெரியுமா. அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். என்ன செய்வதென்று நீங்களும் முதலில் கூப்பிட்டுக் கேட்கலாம். “நானும் போயிருக்கலாம்” என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள், தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள்.

போரூரிலிருந்து ஒரு ஆசிரியர்: மாணவர்களை அழைத்துப்போக, இது சம்பந்தமாகச் சென்னையில் பார்க்க ஏதாவது உண்டா?

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், நந்தம்பாக்கத்தில், மெட்ராஸ் போர்க் கல்லறை. தினம் அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் அது ஏதோ பார்க் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே இருக்கிறார்கள், தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் சிதறிக்கிடந்த கல்லறைகளிலிருந்து எடுத்துவந்து சேர்த்தது. பின்பக்கம் உள்ள நினைவுச் சுவரில் முதல் உலகப் போர்க் காலத்துப் பெயர்கள் ஆயிரத்துக்கும் மேல். பிரிட்டனில் 1939 செப்டம்பர் 3 அன்றே 18-லிருந்து 41 வயசு ஆண்களுக்குக் கட்டாயச் சேவைச் சட்டம் வந்துவிட்டது, அதனால் இங்கே கிடக்கும் பிரிட்டிஷ் பையன்களில் கணிசமானவர்கள் கடிதம் வந்து கிளம்பியவர்களாகத்தான் இருக்கவேண்டும். தென்னிந்தியாவில் தரைச்சண்டை ஏதும் நடக்கவில்லை. நோயோ, விபத்தோ, வேறெங்கோ பட்ட காயமோ அவர்களை இங்கே கொண்டுவந்து படுக்கவைத்திருக்கிறது.

கற்களைப் பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். மேலே படைப்பிரிவின் சின்னம், எண், பதவி, பெயர், தேதி, வயசு. அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். 1917-ல் ஆரம்பித்த போர்க் கல்லறை ஆணையம் அதில் கறாராக இருந்தது, காசு இருக்கிறதென்று யாரும் உடலை ஊருக்கு எடுத்துப்போகவும் விடவில்லை. சில கற்களில் அடியில் ஒரு சின்ன வாசகம் இருக்கும், அம்மா அப்பாவோ மனைவியோ எழுதிக்கொடுத்தது. அதை எழுதக் கேட்டதும் உறவினரை மட்டும்தான். பக்கத்துக் கட்டில்காரனை அங்கேயும் யாரும் கேட்கவில்லை. இதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். பதினேழு வயசில் அவர்களுக்கு உலகமே நண்பர்கள்தானே, சட்டென்று புரியும்.

திருவான்மியூர் வாசகர் (கோபமாக): அமெரிக்கச் சிப்பாயின் கண்ணீரைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அவன் போய்க் கொன்றவனுக்கு நண்பன் இல்லையா?

கோபம் சரியான கோபம், வாங்கிக்கொள்கிறேன். வடக்கு வியட்நாமிலும் கட்டாய ஆளெடுப்புதான், அங்கே 12 மாதக் கெடு எல்லாம் கிடையாது, யுத்தம் முடியும்வரை அல்லது ஆள் முடியும்வரை. 1995-ல் வியட்நாம் அரசு வெளியிட்ட கணக்கில் அவர்கள் தரப்பில் இறந்த போராளிகள் சுமார் 11 லட்சம். வாஷிங்டன் சுவரில் இருக்கும் பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லட்சக்கணக்கானவர்களின் எலும்பு எங்கே என்று இன்றுவரை தெரியாது, கூடப் போரிட்டவர்கள் கிழவர்களான பிறகும் ஞாபகத்தில் இருந்த ஆற்றையும் மேட்டையும் வைத்துக் குடும்பங்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். இதில் இன்னும் பாவப்பட்ட ஒரு கூட்டம், அமெரிக்கா பக்கம் நின்று சண்டை போட்ட தெற்கு வியட்நாம் ராணுவத்துப் பையன்கள். அவர்களையும் 1968-க்குப் பிறகு பொதுத் திரட்டலில் அள்ளிப் போட்டார்கள். 1975-ல் தோற்ற பிறகு அந்த நாடே இல்லை. பியன் ஹோவாவில் இருக்கும் அவர்களின் பெரிய கல்லறைக்குப் பல வருஷம் சாதாரண ஆட்கள் போக முடியாமல் ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது. தோற்றவனின் நண்பன் ஒரு பூவை வைப்பதற்குக்கூட யோசிக்கவேண்டிய நிலைமை.

திருவல்லிக்கேணியிலிருந்து தமிழாசிரியை: நம் நடுகற்களில் நண்பனுக்கு இடம் உண்டா?

கல்வெட்டுகள் அரசன் பெயரைச் சொல்லும், ஆண்டைச் சொல்லும், ஆநிரை மீட்டுப் பட்டவன் யார், யாருடைய சேவகன், யாருடைய மகன் என்று சொல்லும். தோழன் என்று தேடினால் கை சோர்ந்துவிடும். ஆனால் செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது, அதில் வீரனுக்குப் பின்னால் ஒரு நாய். கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி, கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குக் கிடைத்த மரியாதை!

வேளச்சேரியிலிருந்து ஒரு அத்தை: என் தம்பி மகன் சிங்கப்பூரில் அடுத்த மாதம் என்.எஸ். போகிறான். என்ன சொல்லி அனுப்புவது?

முதல்நாள், பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவுக்குப் பெற்றோரும் கூடப் போய், மகனோடு உட்கார்ந்து முகாம் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வரலாம், தம்பியும் அவர் மனைவியும் அந்த நாளைத் தவறவிடவேண்டாம். பையனிடம் கால் பவுடர், கூடுதல் சாக்ஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டில்காரர்களின் எண்ணை எப்படியும் போனில் பட்டப்பெயரில்தான் சேமித்து வைப்பான். முழுப்பெயரையும் வீட்டு எண் ஒன்றையும் சேர்த்து வாங்கி வைக்கச் சொல்லுங்கள், எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். வாரக்கடைசியில் வீட்டுக்கு வந்து ஞாயிறு ராத்திரி திரும்பும்போது கையில் முறுக்கு கொடுத்துவிடச் சொல்லுங்கள். பத்துப் பேருக்குப் பங்கு போகும், டப்பா பெரிசாக இருக்கட்டும். காரம் கம்மி.